பயிற்சியின் சூடும் வெந்நீரின் சூடும்

(ரத்த அழுத்தம் குறித்துப் பொதுமக்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ரத்த அழுத்தம் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தீர்கள். அது கடல். அதில் ஒரு சிறு பகுதியை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். உடற்பயிற்சி செய்து முடித்த உடம்புக்கு, அதோடு சேர்த்துக் கொஞ்ச நேரம் வெப்பமும் கொடுத்தால் அழுத்தம் இன்னும் கூடுதலாகக் குறையுமா? குறையும் என்பதற்கு நல்ல அறிகுறிகள் இருக்கின்றன. எவ்வளவு குறையும், யாருக்குக் குறையும், எந்த இடத்தில் அதுவே ஆபத்தாகத் திரும்பும் என்பதையும் சேர்த்துப் பேசினால்தான் உங்களுக்குப் பயன். பத்திரிகைத் துணுக்குகளிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் முதல் பாதி மட்டும்தான் வருகிறது. இரண்டாம் பாதியைச் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன்.

இந்த விஷயத்துக்குத் தாய்வீடு பின்லாந்து. அந்த நாட்டின் மக்கள்தொகை சுமார் 55 லட்சம். அங்கே இருக்கும் சௌனா என்னும் வெப்பக் குளியல் அறைகளோ சுமார் 30 லட்சம். அடுக்குமாடிக் குடியிருப்பில் உண்டு, ஏரிக்கரைக் குடிலில் உண்டு, நாடாளுமன்றக் கட்டடத்திலும் உண்டு. 2020இல் யுனெஸ்கோ இந்தப் பழக்கத்தை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: சுற்றிலும் மரப்பலகை அடித்த சின்ன அறை. மூலையில் ஓர் அடுப்பு, அதன்மேல் குவித்த கருங்கற்கள். எதிரே படிப்படியாக உயரும் மரப் பெஞ்சுகள். மேல் பெஞ்சில் உட்கார்ந்தால் தலைமட்டத்தில் காற்றின் வெப்பம் 80 டிகிரி செல்சியஸ் இருக்கும். ஆனால் காற்று உலர்ந்தது. அதனால்தான் தாங்க முடிகிறது. அவ்வப்போது மரக்கரண்டியால் கற்களின்மேல் தண்ணீர் ஊற்றுவார்கள். சுரீரென்று ஆவி எழுந்து முதுகில் அறையும். கால் மணி நேரம் இருந்துவிட்டு வெளியே வந்து உடம்பை ஆற்றிக்கொள்வார்கள்.

கேட்டதும் இதயத்துக்கு மிக நல்லது என்று தோன்றும். இப்போது இன்னொரு செய்தியையும் கேளுங்கள். 1960களிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும், உலகிலேயே மாரடைப்பால் நடுத்தர வயது ஆண்கள் மிக அதிகமாகச் செத்துக்கொண்டிருந்த இடங்களில் முதன்மையானது கிழக்குப் பின்லாந்து. அதிலும் வடக்கு கரேலியா என்ற மாகாணம். மரம் வெட்டுகிறவர்கள், பண்ணையில் உழைக்கிறவர்கள், திடகாத்திரமான ஆட்கள். வாரம் தவறாமல் சௌனாவில் உட்கார்ந்தவர்கள். நாற்பதிலும் ஐம்பதிலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்கள். எங்களைக் காப்பாற்றுங்கள் என்று அந்த மாகாணத்து மக்களே 1971இல் அரசுக்கு மனு கொடுத்தார்கள். 1972இல் பெக்கா புஸ்கா என்ற, அப்போது இருபதுகளில் இருந்த இளம் மருத்துவரின் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது. வெண்ணெயைக் குறைத்தார்கள், உப்பைக் குறைத்தார்கள், புகையை விடச் செய்தார்கள், ரத்த அழுத்தத்தை ஊர் ஊராக அளந்து மருந்து கொடுத்தார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில், வேலை செய்யும் வயதுடைய ஆண்களிடையே இதயநோய் மரணம் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சௌனா அவர்களிடம் எப்போதும் இருந்தது. அது மட்டும் அவர்களைக் காப்பாற்றவில்லை. தட்டில் உப்பும் கொழுப்பும், வாயில் சிகரெட்டும், அளக்கப்படாத அழுத்தமும் இருக்கும்வரை வெந்நீராலும் ஆவியாலும் தனியாக ஒன்றும் செய்துவிட முடியாது. இனி நான் சொல்லப்போகும் நல்ல செய்திகள் எல்லாவற்றையும் இந்த அடித்தளத்தின்மேல் வைத்துக் கேளுங்கள்.

அதே கிழக்குப் பின்லாந்தில், குவோபியோ என்ற நகரத்தை மையமாக வைத்து, 1984 முதல் 1989 வரை 42 வயதிலிருந்து 60 வயது வரையிலான ஆண்களை ஓர் ஆய்வில் சேர்த்தார்கள். வாரத்துக்கு எத்தனை முறை சௌனா, எத்தனை நிமிடம் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பிறகு அவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தார்கள். இதயநோய் மருத்துவர் யாரி லௌக்கனென் குழு 2015இல் வெளியிட்ட முடிவு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 2315 ஆண்களில், வாரம் ஒருமுறை மட்டும் சௌனா சென்றவர்களைவிட, நான்கு முதல் ஏழு முறை சென்றவர்களிடம் திடீர் இதய மரணம் 63 சதவீதம் குறைவு. 2017இல் இதே ஆய்விலிருந்து ரத்த அழுத்தம் பற்றிய முடிவு வந்தது. தொடக்கத்தில் அழுத்தம் சரியாக இருந்த 1621 பேரை ஏறக்குறைய 25 ஆண்டுகள் தொடர்ந்ததில், வாரம் இரண்டு மூன்று முறை சென்றவர்களுக்கு உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு கால் பங்கு குறைவாகவும், நான்கு முதல் ஏழு முறை சென்றவர்களுக்கு ஏறக்குறைய பாதியாகவும் இருந்தது.

பெரிய எண்கள்தான். ஆனால் வாரத்தில் ஐந்து நாள் சௌனாவில் உட்கார யாரால் முடியும்? நேரம் இருப்பவரால், உடம்பு ஓரளவு நன்றாக இருப்பவரால். ஏற்கெனவே மூச்சு வாங்குகிறவர் அந்த வெப்பத்துக்குள் போகவே தயங்குவார். வருமானம், புகை, மது, உடலுழைப்பு போன்றவற்றைக் கணக்கில் கழித்துத்தான் அந்த முடிவைச் சொன்னார்கள் என்றாலும், பின்தொடர்ந்து பார்க்கும் ஆய்வில் இந்தச் சந்தேகம் முழுதாகத் தீராது. அதைத் தீர்க்க வேண்டுமானால் ஆட்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கு வருகிறேன்.

அதற்கு முன்னால், வெப்பம் ஏன் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும்? நம் ஊரில் பலருக்கு நேர்மாறான எண்ணம் இருக்கிறது. ‘ஏற்கெனவே உடம்பு சூடு டாக்டர், இதில் வெந்நீர் வேறயா’ என்று கேட்பார்கள். ரத்தக்குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்.

இளம் வயதில் நம் பெரிய தமனிகள் நன்றாக விரிந்து சுருங்கும். வயது ஏற ஏற, உப்பும் சர்க்கரையும் புகையும் சேரச் சேர, வெயிலில் போட்டு வைத்த ரப்பர் குழாய்போல அவை விறைத்துப்போகின்றன. விறைத்த குழாய்க்குள் அதே அளவு ரத்தத்தைத் தள்ள இதயம் கூடுதல் அழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கிறது. குழாயின் உட்புறத்தில் ஒற்றைச் செல் கனத்தில் ஒரு மெல்லிய உள்வரிப் படலம் உண்டு. ரத்தம் வேகமாக உரசிக்கொண்டு ஓடும்போது அந்தப் படலம் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கிறது. அந்த வாயு குழாயைச் சுற்றியுள்ள தசையிடம் ‘தளர்ந்துகொள்’ என்று சொல்கிறது, குழாய் விரிகிறது. புகைபோக்கியிலும் வாகனப் புகையிலும் இருக்கும் ஒரு சாதாரண வாயு நம் உடம்பில் தூதுவனாக வேலை செய்கிறது என்று காட்டியதற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, குழாயின் நலத்துக்கு ரத்தம் அவ்வப்போது பெருக்கெடுத்து ஓட வேண்டும். இதை அழகாகக் காட்டிய ஒரு சோதனையை உங்களுக்கு விளக்கமாகச் சொல்ல விரும்புகிறேன். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் சோதனை அது. டேனியல் கிரீன் என்ற உடலியல் அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் 2010இல் வெளியிட்டார்கள். ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டு கைகளாலும் பிடிப்பயிற்சி செய்யச் சொன்னார்கள். எட்டு வாரம். இரண்டு கைக்கும் ஒரே வேலை, ஒரே நேரம். ஒரே ஒரு வித்தியாசம்: பிபி பார்க்கும்போது உங்கள் புஜத்தில் சுற்றுவார்களே ஒரு துணிப்பட்டை, அதைப் போன்ற ஒன்றை ஒரு கையில் மட்டும் கட்டி, ஓரளவு காற்றேற்றி வைத்தார்கள். ரத்தம் அந்தக் கைக்கும் போகும், ஆனால் பெருக்கெடுத்துப் போகாது. எட்டு வாரத்தில், பட்டை கட்டாத கையின் தமனி நன்றாக விரியக் கற்றுக்கொண்டது. பட்டை கட்டிய கை அதே அளவு உழைத்தும் அதன் தமனியில் முன்னேற்றம் இல்லை.

பிறகு பயிற்சியே இல்லாமல், இரண்டு முன்கைகளையும் 42 டிகிரி வெந்நீரில் மட்டும் வைத்துப் பார்த்தார்கள். வாரம் மூன்று முறை, முறைக்கு அரை மணி, எட்டு வாரம். இங்கேயும் ஒரு கையில் பட்டை. முடிவும் அதேதான்: தாராளமாக ரத்தம் ஓடிய கையின் தோலில் இருந்த நுண்குழாய்கள் மட்டும் மேம்பட்டன. ஒரே மனிதர், ஒரே மரபணு, ஒரே சாப்பாடு, ஒரே தூக்கம். வலது கைக்கும் இடது கைக்கும் இடையே வேறு எந்தச் சாக்கும் சொல்ல முடியாது. பயிற்சியும் வெப்பமும் வெவ்வேறு வாசல் வழியே வந்து, ரத்த ஓட்டத்தைப் பெருக்குகிற ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று நமக்குப் புரிகிறது. பயிற்சியில் ரத்தம் தசைக்குப் பாய்கிறது. வெப்பத்தில் தோலுக்குப் பாய்கிறது. சும்மா இருக்கும்போது தோலுக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர்கூடப் போகாது. கடும் வெப்பத்தில் அது 6, 7 லிட்டரை எட்டக்கூடும். இதயம் நிமிடத்துக்கு நூறு, நூற்றிருபது முறை துடிக்கும். உட்கார்ந்த இடத்திலேயே வேகநடை போகிற நிலை.

வெப்பத்துக்கென்று தனியாக இன்னொரு வேலையும் உண்டு. இத்தாலியில் ஃபெருச்சியோ ரித்தோசா பழ ஈக்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஈக்கள் இருந்த பெட்டியின் வெப்பநிலை தற்செயலாக ஏறிவிட்டது. ஈக்களின் குரோமோசோம்களில் புதிதாகச் சில இடங்கள் உப்பி எழுந்திருப்பதை அவர் பார்த்தார். 1962இல் அதை வெளியிட்டார். சூட்டைக் கண்டதும் செல்கள் தம்மைக் காத்துக்கொள்ளச் சில புரதங்களை அவசரமாக உற்பத்தி செய்கின்றன என்பது பிறகு தெளிவானது. அந்தப் புரதங்களில் ஒன்று, நான் சொன்ன நைட்ரிக் ஆக்சைடு சுரப்புக்கு நேரடியாகத் துணை நிற்கிறது.

உடற்பயிற்சிக்கும் தனி வழிகள் உண்டு. அரை மணி நேரம் நன்றாக நடந்துவிட்டு உட்காருங்கள். அடுத்த சில மணி நேரம் உங்கள் அழுத்தம், நடப்பதற்கு முன் இருந்ததைவிடக் குறைந்தே நிற்கும். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹாலிவில் குழு இதை ஆராய்ந்தபோது, தசையில் சுரக்கும் ஹிஸ்டமின் இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று கண்டார்கள். தும்மலுக்கும் அரிப்புக்கும் நாம் திட்டித் தீர்க்கிறோமே, அதே ஹிஸ்டமின்தான். வேலை செய்த தசையின் ரத்தக்குழாய்களை அது நெடுநேரம் திறந்து வைத்திருக்கிறது. இது தினமும் நடந்தால், மாதக்கணக்கில் அடிப்படை அழுத்தமே இறங்குகிறது. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஒழுங்கான நடை, சைக்கிள், நீச்சல் போன்றவை, அழுத்தத்தின் இரண்டு எண்களில் பெரியதான மேல் எண்ணில் 5 முதல் 8 வரை குறைக்கும். 2023இல் 270 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பில், அசையாமல் தசையை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சிகள், குறிப்பாகச் சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி இல்லாமல் நாற்காலியில் உட்கார்வதுபோல் நிற்பது, மேல் எண்ணைச் சராசரியாக 8 குறைத்தது.

அதே ஓரிகனில், கிறிஸ்டோபர் மின்சனின் ஆய்வகத்தில் வியன்னா பிரண்ட் என்ற ஆய்வாளர் வெந்நீரை எடுத்துக்கொண்டார். உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத இளைஞர்கள் 40.5 டிகிரி நீரில் அமிழ்ந்தார்கள். வாரம் நான்கைந்து முறை, எட்டு வாரம். வெதுவெதுப்பான நீரில் இருந்த இன்னொரு குழுவோடு ஒப்பிட்டார்கள். 2016இல் வந்த முடிவில், வெந்நீர்க் குழுவின் தமனிகள் கூடுதலாக விரிந்தன, விறைப்பு குறைந்தது, அழுத்தமும் இறங்கியது.

இரண்டையும் சேர்த்தால்?

கனடாவின் மாண்ட்ரியலில் இதுவரை மாத்திரை தொடங்காத 16 ரத்த அழுத்த நோயாளிகளை, ஒருநாள் சும்மா உட்கார வைத்தார்கள், ஒருநாள் சௌனா மட்டும், ஒருநாள் உடற்பயிற்சிக்குப் பின் சௌனா. ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம் தானாக அழுத்தத்தை அளக்கும் கருவியை உடம்பில் கட்டி அனுப்பினார்கள். பயிற்சிக்குப் பின் சௌனா சென்ற நாளில் அந்த 24 மணி நேர மேல் எண் சராசரி குறைந்திருந்தது. 2012இல் வெளிவந்த சின்ன ஆய்வு. ஒரு நாள் பலனைத்தான் அது காட்டியது.

நாள்பட்ட பலனைக் காட்டியது பின்லாந்தின் யுவாஸ்குலா பல்கலைக்கழக ஆய்வு. எரிக் லீ தலைமையில் 2022இல் வெளியானது. உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர்கள், இதயநோய்க்கு ஏதாவது ஒரு காரணியாவது உள்ளவர்கள், மொத்தம் 47 பேர், பெரும்பாலும் பெண்கள். சீட்டுக் குலுக்கி மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழு வழக்கம்போல் வாழ்ந்தது. ஒரு குழு வாரம் மூன்று முறை 50 நிமிடம் உடற்பயிற்சி. மூன்றாவது குழு அதே உடற்பயிற்சி, முடிந்ததும் 15 நிமிடம் சௌனா. எட்டு வாரத்தில், பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட, பயிற்சியோடு சௌனாவும் சேர்த்தவர்களின் மேல் எண் சராசரியாக 8 கூடுதலாகக் குறைந்தது. மூச்சுத்திறன் கூடியது, கொலஸ்ட்ராலும் கூடுதலாக இறங்கியது. வெறும் 15 நிமிடம், வாரம் மூன்று முறை. இந்த முடிவு எனக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது. ஆனால் 47 பேரை மூன்றாகப் பிரித்தால் ஒரு குழுவில் பதினைந்து பதினாறு பேர்தான். அவ்வளவு குறைந்த ஆட்களில் கிடைத்த சராசரி எட்டு, பெரிய ஆய்வில் ஐந்தாகலாம், மூன்றாகலாம். முன்பு சொன்ன மாண்ட்ரியலில், இதயத் தமனி அடைப்பு உள்ளவர்களுக்கு எட்டு வாரம் சௌனா மட்டும் கொடுத்துப் பார்த்த இன்னோர் ஆய்வில், ரத்தக்குழாய்களின் செயல்பாட்டில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் கிடைக்கவில்லை. மாத்திரைகளால் ஏற்கெனவே நன்றாகக் கவனிக்கப்படும் உடம்பில் வெப்பத்துக்குச் செய்ய வேலை மிச்சம் இல்லாமல் இருக்கலாம்.

இவற்றை வைத்து என் முடிவைச் சொல்கிறேன். முதல் இடம் உடற்பயிற்சிக்கு. வெப்பம் அதற்குப் பின்னால் வந்து கைகொடுக்கும் துணை. தசைக்கும் எலும்புக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் பயிற்சி தருவதை வெப்பம் தராது. மூட்டு வலியால், வயதால், முடக்கத்தால் நடக்கவே முடியாதவர்களுக்கு மட்டும் வெப்பம் தனியாகவும் ஓர் ஆறுதலாக அமையலாம். அதுவும் மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு.

மேல் எண்ணில் ஐந்து குறைந்தால் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைக்காதீர்கள். ரத்த அழுத்த மருந்துகளை வைத்து நடந்த பெரிய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்ததில், மேல் எண் 5 குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் 10 சதவீதம் குறைகின்றன. பத்து குறைந்தால் பக்கவாதம் மட்டும் கால் பங்குக்கு மேல் குறைகிறது. இந்தியாவில் வயது வந்தோரில் 35 சதவீதத்துக்கு மேல் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் என்று 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு சொன்னது. இந்த அரங்கில் மூன்றில் ஒருவர்.

அதே மூச்சில் இதையும் சொல்கிறேன்: நடக்கிறேன், வெந்நீரில் குளிக்கிறேன் என்பதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வரும் மாத்திரையை வாங்கி, டப்பாவில் போட்டு வைத்துவிட்டு, ‘எனக்குத்தான் நார்மல் ஆயிடுச்சே’ என்கிறவர்கள் நிறைய. நார்மல் ஆனது மாத்திரையால். குறைக்க முடியுமா என்பதை எண்களைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும்.

சரி, நம் ஊரில் சௌனாவுக்கு எங்கே போவது? சில ஜிம்களில் இருக்கிறது. அதைவிட அதிகமாக இருப்பது ஸ்டீம் பாத். இரண்டும் ஒன்று என்று நினைக்க வேண்டாம். சௌனாவில் காற்று உலர்ந்திருப்பதால் வியர்வை ஆவியாகி உடம்பைக் காக்கிறது. ஆவி அறையில் வெப்பநிலை மிகக் குறைவு, 45 டிகிரியை ஒட்டி இருக்கும். ஆனால் வியர்வை ஆவியாக வழியில்லை. வெப்பமானியைப் பார்த்து ‘இது குறைவான சூடுதானே’ என்று நீண்ட நேரம் உட்காரக் கூடாது. ஓரிகன் குழு 2025இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, உடம்பின் உள்வெப்பத்தை அதிகம் உயர்த்தியது சௌனாவைவிட வெந்நீர்த் தொட்டிதான். தண்ணீர் சூட்டை உடம்புக்குள் அவ்வளவு வேகமாகக் கடத்துகிறது. தொட்டி இருப்பவர்கள் 40 டிகிரியைத் தாண்ட வேண்டாம், பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். வாளியில் மொண்டு ஊற்றிக் குளிப்பதைப் பற்றிக் கேட்பீர்கள். உடம்பு வலிக்கு இதம், மனதுக்கு நிம்மதி. ஆனால் அந்த ஆய்வுகளில் நடந்ததுபோல் உள்வெப்பம் ஒரு டிகிரி ஏற அது போதாது. எனவே வாளி வெந்நீருக்கு இந்த ஆய்வுகளின் எண்களை ஒட்டிப் பேசுவது நியாயமாகாது. வாளிக் குளியல் மட்டுமே உள்ளவர்கள் நடையிலும் சுவர்ப் பயிற்சியிலும் முழுக் கவனத்தை வையுங்கள். இழப்பு ஒன்றுமில்லை.

வெயிலில் நின்றால் போதாதா என்று கேட்பவர்களுக்கு வருத்தத்தோடு பதில் சொல்கிறேன். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபால் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் ஆய்வு நடத்தியிருக்கிறார். அவர்களில் மிகப் பெரும்பாலானோர், பாதுகாப்பானது என வரையறுத்த அளவைத் தாண்டிய வெப்பத்தில் உழைக்கிறார்கள். சிலருக்குச் சிறுநீரகத் திறன் குறைந்திருந்தது. கழிவறை வசதி இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்கள் அங்கே இருக்கிறார்கள். பின்லாந்துக்காரர் கால் மணி நேரத்தில் கதவைத் திறந்து வெளியே வருகிறார், ஆறுகிறார், நீர் குடிக்கிறார், ஓய்வெடுக்கிறார். உப்பளத்தில் அந்தக் கதவு இல்லை. எட்டு மணி நேரம் வெந்துவிட்டுக் கூலி வாங்குகிறவருக்கு வெப்ப சிகிச்சை பற்றி நான் பேசினால் அது கொடுமை. அவருக்குத் தேவை நிழலும் நீரும் இடைவேளையும் கழிவறையும். அதைக் கேட்டு வாங்குவதும் இதயநலப் பிரச்சாரத்தில் ஒரு பகுதி என்றே நான் கருதுகிறேன்.

கத்திரி வெயில் காலத்தில் பெரும்பாலோருக்கு அழுத்தம் சற்று இறங்கும். தோலின் குழாய்கள் நாள் முழுக்க விரிந்திருப்பதால் அப்படி. அம்லோடிபின் போன்ற குழாயை விரிக்கும் மாத்திரையும், சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள் அந்த மாதங்களில் எழுந்து நிற்கும்போது கண் இருட்டுகிறது என்பார்கள். மே மாதத்தில் அவர்களுக்குக் கூடுதல் வெப்பம் வேண்டவே வேண்டாம். நடையை மட்டும் விடியற்காலைக்கு மாற்றிக்கொள்ளட்டும்.

யார் இந்தப் பக்கமே வரக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், ஓய்வில்கூட நெஞ்சு வலிக்கிறவர்கள், இதய வால்வு கடுமையாகச் சுருங்கியவர்கள், எழுந்தால் தலைசுற்றி விழுகிறவர்கள், காய்ச்சலில் இருப்பவர்கள், கருவுற்ற பெண்கள். அழுத்தம் 180க்கு 110ஐத் தாண்டி நிற்பவர்கள் முதலில் மருந்தால் அதைக் கீழே கொண்டுவர வேண்டும், பிறகுதான் பயிற்சிகூட. மது குடித்துவிட்டு வெப்ப அறைக்குள் போனவர்கள் பின்லாந்திலேயே இறந்திருக்கிறார்கள். ஜப்பானில் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான முதியவர்கள் வெந்நீர்த் தொட்டியிலேயே உயிரை விடுகிறார்கள். குளிர்ந்த அறையிலிருந்து சுடுநீருக்குள் இறங்கும்போது அழுத்தம் ஏறி இறங்கி, மயங்கி, மூழ்கிவிடுகிறார்கள். வயதானவர் தொட்டியில் இருந்தால் வீட்டில் ஒருவர் குரல் எட்டும் தூரத்தில் இருங்கள், கதவைத் தாழிடாதீர்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போனவர்களுக்குத் தண்ணீரின் சூடு தெரியாது. காலை வெந்நீரில் ஊற வைத்து, தோல் வெந்து, கொப்புளமாகி, புண்ணாகி, விரலை எடுக்கிற நிலைவரை வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீரில் காலை வைக்கும் முன் வீட்டில் வேறொருவர் முழங்கையை விட்டுப் பார்க்கட்டும். அல்லது முப்பது நாற்பது டிகிரியைக் காட்டும் சாதாரண வெப்பமானி ஒன்று வாங்கி வையுங்கள்.

இத்தனையும் கடந்து, மருத்துவர் சம்மதித்தவர்களுக்கு: வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில் நடங்கள். வாரம் மூன்று நாள் சுவர்ப் பயிற்சி: இரண்டு நிமிடம் பிடி, இரண்டு நிமிடம் ஓய்வு, நான்கு முறை. இரண்டு நிமிடம் முடியாவிட்டால் முப்பது விநாடியில் தொடங்கலாம். மூச்சை மட்டும் அடக்காதீர்கள். அடக்கினால் அழுத்தம் அந்த நேரத்தில் மேலே பாயும். பயிற்சி முடிந்ததும் உடனே வெப்பத்துக்குள் ஓடாமல், சற்று மெதுவாக நடந்து, ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். தசையின் குழாய்களும் விரிந்திருக்கும், தோலின் குழாய்களும் விரியும். ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வருவது பெரும்பாலும் வெப்பத்தை விட்டு வெளியே வந்து நிற்கும் அந்த நிமிடத்தில்தான். எனவே எழுவதற்கு முன் காலை ஆட்டுங்கள், பிடித்துக்கொண்டு எழுங்கள், வெளியே வந்து உட்காருங்கள். குளிர்நீரில் குதிக்கிற படங்களைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். குளிர் பட்டவுடன் குழாய்கள் சுருங்கி அழுத்தம் சட்டென்று ஏறும். வியர்த்த பிறகு மோர் நல்லதுதான், உப்புப் போடாமல். கால் மணி நேர வியர்வையில் போன உப்பை ரத்த அழுத்தக்காரர் ஈடுசெய்யத் தேவையில்லை. அடுத்த வேளைச் சாம்பாரிலேயே அது வந்துவிடும்.

அளக்கும் நேரமும் முக்கியம். 2018இல் பின்லாந்தில் 102 பேரை 73 டிகிரி சௌனாவில் அரை மணி நேரம் உட்கார வைத்தபோது, மேல் எண் 137இலிருந்து 130ஆக உடனே இறங்கியது. அந்த நேரத்து எண் அது. நடந்து, குளித்து, இதமாக உட்கார்ந்து அளந்துவிட்டு நோட்டில் 124 என்று எழுதிக் கொண்டுவந்தால் மருத்துவர் ஏமாந்துபோவார். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்து, காபிக்கும் மாத்திரைக்கும் நடைக்கும் முன்பு அளங்கள். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, கை இதய மட்டத்தில் மேசைமேல் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. மாலையிலும் அப்படியே. ஒரு வாரம் எழுதிக் காட்டினால், எட்டு வாரம் கழித்து உங்கள் உழைப்பு என்ன செய்திருக்கிறது என்று அந்த நோட்டே சொல்லும்.

பக்கத்து மேசையில் இரண்டு கருவிகள் வைத்திருக்கிறோம். முப்பது வயதுக்கு மேல் ஆகியும் இந்த ஆண்டு ஒருமுறைகூட அளக்காதவர்கள் முதலில் வாருங்கள். வந்ததும் நேராகக் கையை நீட்டாமல், அங்கே போட்டிருக்கும் நாற்காலியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருங்கள். மற்றவர்கள் அதற்குள் கேள்விகளைக் கேட்கலாம். மாத்திரைச் சீட்டு கொண்டுவந்தவர்கள் அதையும் எடுத்து வாருங்கள், சேர்ந்தே பார்ப்போம்.